மடக்குக் கத்தி மேடம்

அவருடைய வலது கட்டைவிரல் நகம் எப்போது பார்த்தாலும் உடைந்தே இருக்கும். மற்ற ஒன்பது நகங்களும் ஒழுங்காக வெட்டி, சுத்தமாக இருக்கும். அந்த ஒன்று மட்டும் ஓரம் பிய்ந்து கிடக்கும். மடக்குக் கத்தியைத் திறக்க அதன் பிளேடில் நகம் வைத்து இழுக்கிற மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் தின்ற நகம் அது. எங்கள் கம்பெனிக்கு எந்தக் கத்தி வந்தாலும், பத்து முறை திறந்து பத்து முறை மூடிப் பார்க்காமல் மேடம் காகிதத்தில் ஓர் எழுத்து எழுத மாட்டார்.

ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், ஒரு டயர் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். பின்னால் தகரக் கொட்டகை போட்ட கோடவுன். சுற்றியிருக்கிற கார், லாரி, உதிரிபாகக் கம்பெனிகளுக்குக் கையுறை, டேப், ஸ்பேனர், மடக்குக் கத்தி எல்லாம் சப்ளை செய்தோம். தயாரிப்பு லைனில் ஒயர் கட்டுகிறவர்களுக்கு டேப் அறுக்கக் கத்தி வேண்டும். ஆனால் திறந்த கத்தியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு லைனில் நிற்கக் கூடாது. அதனால் மடக்குக் கத்தி. அது வெளிநாட்டிலிருந்து வரும். அதற்குக் காகிதம் எழுதிக் கஸ்டம்ஸிலிருந்து வெளியே எடுப்பது மேடத்தின் வேலை. பெட்டியை இறக்கி, பிரித்து, அடுக்குவது என் வேலை.

நான் பிள்ளைப்பாக்கம். எட்டாவதோடு நின்றவன். மேடம் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை மேடம் என்பேன். கோடவுன் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, பாதி வழியில் திரும்பி வந்து நாலாவது முறையும் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். பூட்டு இறுகிவிடுமோ என்று தையல் மிஷின் எண்ணெய் ஒரு சின்னக் குப்பியில் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். அப்படிப்பட்டவனுக்கு மேடத்தோடு வேலை செய்வது கொஞ்சம் தெம்பாகவும் கொஞ்சம் கிலியாகவும் இருந்தது.

"லாரி வந்துருக்கும் மேடம்."

"வந்துருக்குமா? வந்துச்சாண்ணா?"

"கெளம்பிட்டேன்னு டிரைவரு போன்ல சொன்னான்..."

"நீங்க பாத்தீங்களா?"

நான் படியிறங்கிப் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு ஏறி வருவேன். "இல்ல மேடம். இன்னும் வரல."

"இது பதிலு. அது ஜோசியம்."

அவரிடம் யாரும் எதையும் "இருக்கும்" என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனது என்றால் ஆனது, ஆகாதது என்றால் ஆகாதது, தெரியாது என்றால் தெரியாது. தெரியாது என்று சொல்ல அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் அந்த வார்த்தை வாயில் வராது. தெரியாத இடத்தில்தான் நான் அதிகம் பேசுவேன்.

கத்தி விஷயத்தில் சட்டம் எப்படி என்று ஒருமுறை கேட்டேன். பிளேடு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு வேலைக்கோ வயல் வேலைக்கோ ஃபேக்டரி வேலைக்கோ என்று செய்ததானால் வராது. பட்டனை அமுக்கினாலோ ஒரு கையால் வீசி உதறினாலோ பாய்ந்து வெளியே வருகிற கத்தி என்றால் வம்புதான் என்று சொன்னார். எங்கள் கத்திக்குப் பிளேடு மூன்று அங்குலம். பட்டன் கிடையாது. பிறகு என்ன என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கேள்வி வரும். ஒருவர் கைப்பிடியோடு சேர்த்து அளப்பார். இன்னொருவர், திறந்த பிளேடு மடங்காமல் பூட்டிக்கொள்கிறதே, அது ஏன் என்பார். போன முறை விட்டது இந்த முறை நிற்கும். மேடம் கைப்பையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று வைத்திருந்தார். அதிகாரி அளந்து முடித்ததும், "நானும் ஒருக்கா அளந்துக்கறேன் சார்" என்று வாங்கி அளப்பார். சண்டை இல்லை, சிரிப்பும் இல்லை. காய்கறிக்காரரிடம் தராசைச் சரி பார்க்கிற மாதிரி ஒரு முகம்.

ஒரு முறை பெட்டி மேல் ஓநாய் படம் அச்சடித்து வந்துவிட்டது. நெடுஞ்சாலையை ஒட்டிய கண்டெய்னர் யார்டில் ஆய்வு. அதிகாரி படத்தைத் தட்டிக் காட்டி, "வேட்டைக் கத்தியா?" என்றார்.

"இல்ல சார். டேப் அறுக்கறது" என்றார் மேடம். அவ்வளவுதான். அதிகாரியும் பேனாவை எடுத்துவிட்டார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. "எங்க ஊர்ல ஓநாயே இல்ல சார். நரிதான் கீது. அதுவும் ஏரிப் பக்கம் பிளாட்டு போட்டப்புறம் அவ்வளவா..."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ நரி வேட்டைக்கா?"

இரண்டு நாள் போயிற்று அந்த நரிக்கு. திரும்பி வரும்போது மேடம் திட்டவில்லை. "அண்ணா, கேட்டதுக்குப் பதில் சொல்லணும். அதோட வாய மூடிக்கணும். அதுக்கு மேல ஒரு வார்த்த சொன்னாலும் அது நம்மள சுத்திகினு வரும்" என்றார். பிறகு கொஞ்ச தூரம் போய் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நரியாம்."

இன்னொரு முறை கஸ்டம்ஸ் விட்ட கத்தியைக் கம்பெனி கேட் பிடித்துக்கொண்டது. நாற்பது கத்தி சப்ளை செய்த மறுநாள், ஷிப்ட் முடிந்து வெளியே வந்த பெண்களின் பாக்கெட்டிலிருந்து செக்யூரிட்டி அத்தனையையும் பிடுங்கி ஒரு பக்கெட்டில் போட்டுவிட்டார்கள். ஆயுதம் கூடாது என்று கேட்டில் போர்டு இருந்ததாம். எங்கள் முதலாளி போனில் மன்றாடிக்கொண்டிருந்தார். மேடம் நேரே கேட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். செக்யூரிட்டித் தலைவர் மீசை முறுக்கிய பெரியவர், பட்டாளத்தில் இருந்தவர்.

"சார், உள்ள லைன்ல எதால டேப்பு அறுக்கறாங்கன்னு பாத்திருக்கீங்களா?"

"அது என் டூட்டி இல்லம்மா."

"சரி சார். ஒருக்கா பாத்துட்டு வரலாமா?"

அவர் என்ன நினைத்தாரோ, வந்தார். எத்தனையோ வருஷம் அந்தக் கேட்டில் நின்றவர், லைனை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தார். ஒரு பெண் கத்தியால் டேப்பை அறுத்து, மடக்கி, அறுத்து, மடக்கிப் போடுவதை வாய் பிளந்து பார்த்தார். ஷிப்ட் முடிந்தால் கத்தி லைன் பெட்டியிலேயே இருக்கட்டும், கேட்டுக்கு வர வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் கேட்டேன், "மீசையப் பாத்து உங்களுக்குப் பயமாவே இல்லியா மேடம்?"

"இன்னாத்துக்குண்ணா பயம்? நான் பாத்தத மட்டும்தான சொல்றேன்."

அந்தத் தைரியத்தில் ஓட்டை போட்டவன் நான்தான்.

புது ஆர்டர் ஒன்று வந்தது. இரண்டாயிரம் கத்தி. சாம்பிள் முதலில் வந்தது. மேடம் வழக்கம் போலத் திறந்து மூடிப் பார்த்து, நகத்தை உடைத்துக்கொண்டு, "இரண்டு கையாலும் திறக்க வேண்டிய கத்தி, பட்டன் இல்லை, வீசினால் திறக்காது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சரக்கு யார்டுக்கு வந்தது. அதிகாரி மூன்று பெட்டியைக் கைகாட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கத்தி எடுத்து மேஜை மேல் வைக்கச் சொன்னார். அதற்குள் வேறு கண்டெய்னருக்குக் கூப்பிட்டார்கள். "இங்கேயே இருங்க, வந்துடறேன்" என்று போய்விட்டார். மேடம் ஏதோ நகல் எடுக்க அடுத்த கட்டிடத்துக்குப் போயிருந்தார்.

நானும் மூன்று கத்தியும் மட்டும் இருந்தோம். சும்மா இருக்க முடியாமல் ஒன்றைத் திறந்து பார்த்தேன். கிரீஸ் காய்ந்து கல் மாதிரி இருந்தது. பிளேடு வரவே இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது. அதிகாரி இழுப்பார், இழுக்கிற வேகத்தில் விரலை வெட்டிக்கொள்வார், ரத்தம் வரும், கோபத்தில் மொத்தத்தையும் நிறுத்திவிடுவார். இதெல்லாம் என் கண் முன்னால் நடந்தே முடிந்துவிட்டது. பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ரெண்டு சொட்டு. பிளேடைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூவை ஒரு ரூபாய்க் காசால் அரைச் சுற்று தளர்த்தினேன். திறந்து மூடித் திறந்து மூடி வெண்ணெய் மாதிரி ஆக்கித் துடைத்து வைத்தேன். வந்தவர் மெச்சிக்கொள்வார் என்றுகூட நினைத்தேன்.

அதிகாரி வந்தார். நகம் வைக்கவே இல்லை. கத்தியைப் பிடித்து மணிக்கட்டை ஒரு உதறு உதறினார். டக்கென்று பிளேடு வெளியே வந்து பூட்டிக்கொண்டது. இரண்டாவதும் டக். மூன்றாவதும் டக்.

"வீசினா திறக்காதுன்னு எழுதியிருக்கு?" என்றார்.

மேடம் வந்து சேர்ந்தபோது மூன்று கத்தியும் உறைக்குள் போய் அரக்கு முத்திரையும் விழுந்துவிட்டது. "ஒருக்கா என் கையில குடுங்க சார்" என்று கேட்டார். தரவில்லை. இரண்டாயிரமும் பறிமுதல் என்று காகிதம் வந்தது. பத்து நாளில் விசாரணை. தெரிந்தே தப்பாக எழுதினார் என்று முடிவானால் மேடத்தின் கஸ்டம்ஸ் அட்டை போய்விடும். பரீட்சை எழுதி வாங்கிய அட்டை அது. கழுத்தில் அது இல்லாமல் கஸ்டம்ஸ் வாசலில் ஒரு பேப்பர்கூட நீட்ட முடியாது.

நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயம். என் பெண் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள், அது ஒரு பயம். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஆறு நாள் ஓடிவிட்டது.

அந்த ஆறு நாளும் மேடம் மேஜையில் உட்கார்ந்து பழைய சாம்பிள் கத்தியை உதறிக்கொண்டே இருந்தார். அது திறக்கவில்லை. நகம் வைத்துத் திறப்பார், மூடுவார், மறுபடி உதறுவார். "நான் பாத்தனேண்ணா. இது தொறக்கலியே. நான் சரியா பாக்கலியா?" என்று என்னிடமே கேட்டார். டீ ஆறி ஆடை படிந்து கிடந்தது. சுடச்சுட ஒரே மூச்சில் குடிக்கிறவர் அவர். லாரி வந்துருக்கும் மேடம் என்று வேண்டுமென்றே ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "சரிண்ணா" என்றார். கேட்காமலே நான் படியிறங்கிப் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஏழாம் நாள் மத்தியானம் முதலாளி வந்தார். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இங்கேரும்மா, வெளிநாட்டுக்காரன் சரக்க மாத்தி அனுப்பிட்டான்னு எழுதிக் குடுத்துருவோம். அவன் எங்க இருக்கான், நாம எங்க இருக்கோம்? அவனா வந்து இல்லங்கப் போறான்?"

மேடம் கையிலிருந்த கத்தியை மடக்கி மேஜை மேல் வைத்தார். பிறகு, "ஆமா சார். மாத்திதான் அனுப்பியிருப்பான்" என்றார். பேப்பரை எடுத்தார்.

அனுப்பியிருப்பான். அவர் வாயிலிருந்து அந்த மாதிரி ஒரு வார்த்தை வந்து நான் அதுவரை கேட்டதில்லை. முதலாளி கீழே இறங்கிப் போனதும் நான் போய் மேஜை முன்னால் நின்றேன்.

"மேடம், எழுதாதீங்க. அவன் மாத்தி அனுப்பல. நான்தான் எண்ண போட்டேன்."

பேனா நின்றது. அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"எத்தினி சொட்டு?"

"ரெண்டு ரெண்டு."

"ஸ்க்ரூவ தொட்டீங்களா?"

"அர சுத்து. காசால."

"மூணுமா?"

"மூணும்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை மூடி, நாற்காலியில் சாய்ந்து, ஒரு பெரிய மூச்சு விட்டார். "அப்போ நான் பாத்தது சரிதான்" என்றார். முகம் பழைய முகமாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் கோபமே வந்தது. "ஆறு நாளுண்ணா! ஆறு நாளா என் கையே என்ன ஏமாத்திடுச்சின்னு நெனச்சிகினு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீங்க?"

நான் அழுதுவிட்டேன். "உள்ள போட்ருவாங்களா மேடம்?"

"தெரியாது."

ஆறுதலுக்காவது வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். "அங்க நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்று மட்டும் கேட்டார். நீங்களே சொல்லுங்க என்று கையைக் காட்டினேன்.

யார்டுக்குள்ளேயே இருந்த கஸ்டம்ஸ் ஆபீஸில் விசாரணை நடந்த அறையில் ஏசி குளிர் நடுக்கியது. பெரிய அதிகாரி, நரைத்த தலை, மெதுவாகப் பேசுகிறவர். முதலாளி ஒரு பக்கம், மேடம் நடுவில், நான் கதவோரம். உறையைப் பிரித்து, முதல் கத்தியை உதறிக் காட்டினார்கள். டக்.

"இன்னா சொல்றீங்க?" என்றார் பெரியவர் மேடத்தைப் பார்த்து.

"தொடாத பெட்டியிலேர்ந்து அஞ்சு கத்தி எடுத்துட்டு வரச் சொல்லுங்க சார். உங்க ஆளே எடுக்கட்டும்."

கொண்டுவந்தார்கள். பெரியவர் உதறினார். ஒன்றும் ஆகவில்லை. எழுந்து நின்று உதறினார். கடைசியில் நகம் வைத்து இழுத்தார், "ஸ்ஸ்" என்று விரலை உதறிக்கொண்டார். ஐந்தும் அப்படியே.

"அப்போ இந்த மூணு மட்டும் எப்படி?"

முதலாளி முந்திக்கொண்டார். "அது சார், தயாரிப்புல கொஞ்சம் முன்னப் பின்ன..."

"இல்ல சார்" என்றார் மேடம். "எங்க கோடவுன் அண்ணன் எண்ண போட்டு ஸ்க்ரூவ தளத்திட்டாரு. ரெண்டு சொட்டு, அர சுத்து. ஆய்வு நடக்கறதுக்கு முன்னாடி."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் எண்ணெய்க் குப்பியை வாங்கி மேஜை மேல் வைத்து, "வேணும்னா இப்பவே செஞ்சி காட்டுவாரு" என்றார். அந்த ஐந்தில் கல் மாதிரி இருந்த ஒன்றுக்கு ரெண்டு சொட்டு விட்டேன். காசால் அரைச் சுற்று. நாலைந்து முறை திறந்து மூடிக் கொடுத்தேன். பெரியவர் உதறினார். டக்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சட்டென்று அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கஸ்டம்ஸ் கையில இருக்கற சரக்க ஆய்வுக்கு முன்னாடி தொட்டா அது தனிக் குத்தம்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

கேள்வி என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் மேடம் பேசிவிட்டார்.

"அவருக்குத் தெரியாது சார். நான் சொல்லிக் குடுக்கல. என் தப்பு, என் பேர்ல எழுதிக்கங்க."

அடுத்தவரைக் கேட்ட கேள்விக்கு மேடம் பதில் சொல்லி நான் பார்த்ததே இல்லை. அதுகூடப் பெரிதில்லை. தொட்டால் குற்றம் என்று எனக்குத் தெரியும். முதன்முதலாக என்னை யார்டுக்குக் கூட்டிப் போன அன்று, கேட் வாசலில் நிறுத்தி, "அதிகாரி பாத்து முடிக்கற வரைக்கும் அவரு சொல்லாம எதையும் தொடக் கூடாதுண்ணா, தொட்டா கேசு" என்று ரெண்டு முறை சொல்லி, என்னையும் ஒரு முறை திருப்பிச் சொல்ல வைத்தவர் அவர்.

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதினார். கத்தியை விட்டுவிடலாம், தப்பாக எழுதியதாக நிரூபணம் இல்லை. உதவியாளருக்கு முறையாகச் சொல்லித் தராததற்கு மேடத்துக்கு எச்சரிக்கை. அவர் மூன்று மாதம் ஆய்வுக்கு உள்ளே வரக் கூடாது. அட்டை தப்பியது. என் பெயர் எந்த வரியிலும் இல்லை. மேடம் முழுதும் படித்தார். பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வெயில். முதலாளி போனில் சத்தமாகப் பேசிக்கொண்டே காருக்குப் போய்விட்டார். மேடத்தை பஸ் ஏற்றிவிட என் டூவீலரைத் தள்ளிக்கொண்டு வந்தேன். சாவியைப் போட்டுவிட்டு, வண்டியை எடுக்காமல் கேட்டேன்.

"மேடம், அன்னிக்கி கேட்டாண்ட நீங்க சொன்னீங்களே. ரெண்டு தபா சொன்னீங்களே."

"ஆமா. சொன்னேன்."

"அப்போ உள்ள..."

அவர் கழுத்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"பொய் சொன்னேண்ணா. வண்டிய எடுங்க, பஸ்ஸு போயிடப் போவுது."